'ரெஸ்ட் எடுங்க' என்பது ஒரு வைத்தியமா?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம். போன செமஸ்டரில் நான் ஏன் புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் கைக்குழந்தை மாதிரி வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தேன், உட்கார இடம் இல்லை என்றால் ஏன் இரண்டு மூன்று பஸ்ஸை விட்டேன், அதற்கு முன்னால் ஒரு மாதம் ஏன் ஆளையே காணோம் என்று வகுப்பில் ஆளுக்கொரு கதை ஓடியதாகக் கேள்வி. மஞ்சள் காமாலை என்றது ஒரு கோஷ்டி. காதல் தோல்வி என்றது இன்னொரு கோஷ்டி. (காதல் தோல்விக்கும் பையை அணைத்துக்கொள்வதற்கும் என்னய்யா சம்பந்தம் :-))

உண்மை இதுதான் மக்களே. நான் திருநம்பி. வகுப்பில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும், மீதிப் பேருக்கு இப்போது தெரிந்துவிட்டது. போன வருடம் எனக்கு மார்பு ஆபரேஷன் நடந்தது. தெரியாதவர்களுக்காக: பிறக்கும்போது பெண் என்று எழுதப்பட்டு, ஆணாக வாழ்கிறவன் திருநம்பி. திருநங்கை என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும், 2008-லேயே நல வாரியம் அமைத்த மாநிலம் இது. திருநம்பி என்றால் இன்னும் "அப்படீன்னா?" என்கிறார்கள். மார்புத் திசுக்களை எடுத்துவிட்டு நெஞ்சைத் தட்டையாக அமைப்பதுதான் இந்த ஆபரேஷன். பெரும்பாலும் இரண்டு பக்கமும் நெஞ்சின் கீழ்ப்பகுதியில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும், காம்பைச் சின்னதாக்கி வேறு இடத்தில் ஒட்டுவார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. சர்ஜன் கைராசிக்காரர், அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் டிஸ்சார்ஜ் ஆகும்போது கிடைத்த மூன்று வாக்கியங்கள் மேல்தான்.

"மூணு மாசம் ரெஸ்ட் எடுங்க. வெயிட் தூக்காதீங்க. அப்புறம் நார்மலா இருக்கலாம்."

அவ்வளவுதான். இந்த மூன்று வாக்கியங்களால் நான் இரண்டு முறை அடிபட்டேன், அதுவும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வழிகளில். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாக்கியம், "ரெஸ்ட்". எங்கள் வீட்டில் ரெஸ்ட் என்றால் படுக்கை. ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊர். அம்மா என்னைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. "பச்சை ஒடம்பு கண்ணு, கையத் தூக்காத" என்பதுதான் காலை மாலை மந்திரம். பிள்ளை பெற்றவளுக்குச் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னார், பூண்டுக் குழம்பு உட்பட. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. ஏனென்றால் அந்தப் படுக்கையில்தான் அம்மா முதல்முறையாக என்னை "டா" போட்டார். அதனால் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் விஷயம் என்னவென்றால், பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு அசையாமல் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அதனால்தான் முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்வது உலகம் முழுக்க வழக்கமாகியிருக்கிறது. இந்த ஆபரேஷனுக்கும் அதேதான். நடையும் ரெஸ்ட்டில் சேர்த்திதான் என்பதை யாராவது அம்மாவிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அம்மாவே என்னை வாசலுக்கும் கொல்லைக்கும் நடத்தியிருப்பார். அவர் யார் பேச்சையும் மீறவில்லை. சொன்னதை அப்படியே செய்தார். சொன்னதுதான் அரைகுறை.

இரண்டாம் வாக்கியம், "வெயிட்". எதுங்க வெயிட்? டாக்டர் மனதில் டம்பெல் இருந்திருக்கும். நம் வாழ்க்கையில் வெயிட் ஜிம்மிலா இருக்கிறது? ஹாஸ்டலில் வாரா வாரம் கவிழ்க்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன், தண்ணீர் மட்டுமே 20 கிலோ. குளிக்கிற பக்கெட் நிறைந்தால் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. பைக்கை சென்டர் ஸ்டாண்ட் போடுவதும் கடை ஷட்டரை இழுப்பதும் வெயிட்தான். ரயிலில் அப்பர் பெர்த் ஏறுவது, சொந்த உடம்பையே தூக்குவது. எல்லாவற்றுக்கும் மேல் நம்ம டவுன் பஸ். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது டிரைவர் ஒரு பிரேக் போட்டால் மொத்த உடம்பும் அந்த ஒரு கையில், அந்த ஒரு பக்கத் தையலில் தொங்கும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் அறிவுரைத் தாள்களை இணையத்தில் நிறையப் படித்தேன். முதல் சில வாரங்களுக்கு இரண்டிலிருந்து ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம், கார் சீட் பெல்ட்டுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள் என்றெல்லாம் சொல்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. எங்கள் ஊருக்குத் தேவை பஸ் கம்பி பற்றிய ஒரு வரி. அதை எழுத அமெரிக்காவிலிருந்தா ஆள் வரும்?

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "அப்புறம் நார்மலா இருக்கலாம்."

எந்த நார்மலுங்க? ஆபரேஷனுக்கு முன்னால் நான் ஓடினேனா, ஆடினேனா? எட்டாம் வகுப்பிலிருந்து பி.டி. பீரியடில் நான் ஸ்கோர் எழுதுகிற ஆள். ஓடினால் என்ன தெரியும் என்ற பயம். அப்புறம் நெஞ்சை இறுக்கிக் கட்டும் பைண்டர் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மாடி ஏறினாலே மூச்சு முட்டும். பைண்டர் பற்றி 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 1,800 பேரிடம் கேட்டார்கள். அவர்களில் 97 சதவீதம் பேர் முதுகுவலி, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தோல் அரிப்பு என்று ஏதாவது ஒரு தொந்தரவாவது இருந்ததாகச் சொன்னார்கள். நான் அந்த ஆய்வில் இல்லை, ஆனால் அந்த 97-ல் நான் உண்டு. ஆக, என்னைப் போன்றவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு உடற்பயிற்சிக்குத் "திரும்புவது" என்ற பேச்சே பொருந்தாது. போகாத ஊருக்கு எப்படித் திரும்புவது? நாங்கள் முதல்முறையாகப் போகிறோம். முதல்முறை போகிறவனுக்குத்தான் வழி அதிகம் சொல்லவேண்டும். எங்களுக்கோ ஒரு வாக்கியம்.

சரி, அடிபட்ட கதைக்கு வருகிறேன்.

முதல் அடி. ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரம். காயம் மேலே மூடிவிட்டது. கண்ணாடி முன்னால் சட்டையில்லாமல் நின்று பார்த்தவனுக்கு வந்த தலைகால் புரியாத சந்தோஷத்தில் நேராக ஜிம்முக்குப் போனேன். ஜிம் மாஸ்டர் நல்ல மனுஷன். "வாங்க தம்பி" என்றார். அந்தத் "தம்பி"க்காக நான் மலையையே தூக்கியிருப்பேன். என்ன ஆபரேஷன் என்று சொல்லாமல், நெஞ்சில் ஒரு ஆபரேஷன் என்று மட்டும் சொன்னேன். "வலிக்குதா?" "இல்லீங்க." "வலிக்கலன்னா ஒண்ணுமில்ல தம்பி. பத்து தண்டால் எடுங்க பாக்கலாம். நோ பெய்ன் நோ கெய்ன்."

எடுத்தேன். பத்து வரவில்லை, ஆறு வந்தது. ஒரு துளி வலி இல்லை. ராத்திரி பனியன் ஈரமாக இருந்தது. இடது பக்க வெட்டின் ஓரத்தில் ஒரு விரல் நக அளவுக்குத் தையல் வாய் பிளந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. அப்புறம் மூன்று வாரம் டிரெஸ்ஸிங். இன்றைக்கும் அந்த இடத்தில் தழும்பு மற்ற இடங்களைவிட அகலமாக இருக்கும்.

இப்போது ஜிம் மாஸ்டரின் லாஜிக்கைப் பாருங்கள். "வலிக்கலன்னா ஒண்ணுமில்ல." எல்லோரும் சொல்வதுதான், கேட்க நியாயமாகவும் இருக்கும். ஆனால் இந்த ஆபரேஷனில் தோலுக்குப் போகும் சின்ன நரம்புகள் அறுபடுகின்றன. மாதக்கணக்கில் நெஞ்சு மரத்துப்போய்க் கிடக்கும், சில இடங்களில் உணர்ச்சி முழுசாகத் திரும்பாமலே போகலாம். மரத்துப்போன இடம் எப்படி வலிக்கும்? மணி அறுத்த கோயிலில் மணியோசை கேட்கவில்லை, அதனால் பூஜை நடக்கவில்லை என்று சொல்கிற கதைதான். மற்ற உடற்பயிற்சிக்காரர்களுக்கு வலி ஒரு காவல்காரன். எங்களுக்கு அந்தக் காவல்காரன் லீவில் இருக்கிறான். அதனால் வலியைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்து நடக்கவேண்டிய கட்டம் இது. இந்த ஒரு விஷயத்தை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்தத் தழும்பு அகலமாகியிருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஆபரேஷனில் நெஞ்சுத் தசையை வெட்டுவதில்லை, அதற்கு மேலே உள்ள திசுவைத்தான் எடுக்கிறார்கள். அதனால் தசை தயாராகவே இருக்கும், "ஏன்டா சும்மா இருக்க" என்று கூப்பிடும். தயாராகாதது தோலும் அதன் அடித்திசுவும். ஆறிய காயம் வெளியே மூடிக்கொள்வது ஒரு கணக்கு, உள்ளே பலம் சேர்வது வேறு கணக்கு. முதல் வாரக் கடைசியில் வெட்டுப்பட்ட தோலுக்கு அதன் பழைய பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. மூன்று வாரத்தில் கால் பங்கு அளவு. மூன்று மாதத்தில் 70, 80 சதவீதம். முழு நூறை அது எப்போதுமே தொடுவதில்லை. இது எந்த வெட்டுக்கும் பொருந்தும், மருத்துவ மாணவர்களின் பாடப்புத்தகத்தில் இருக்கிற சங்கதி. தரையில் தண்டால் எடுக்கும்போது நம் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இறங்குகிறது. நான் அப்போது 54 கிலோ. அதாவது, பால் பாக்கெட் வாங்கவே யோசித்துக்கொண்டிருந்தவன் ஒரே மூச்சில் 35 கிலோவைத் தள்ளியிருக்கிறேன். எவ்வளவு பெரிய புத்திசாலி!

இரண்டாவது அடி இதற்கு நேர் எதிர். தையல் விட்டதும் பயந்துவிட்டேன். அம்மா சொன்னதே வேதம் என்று இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டேன். இரண்டு மாதம். தோளுக்கு மேல் கை போகவே இல்லை. கடைசியில் காயம் ஆறிவிட்டது, தோள் இறுகிவிட்டது. தலைவழியாக டி-ஷர்ட் போட முடியவில்லை. பரணிலிருந்து ஒரு டப்பா எடுக்க முடியவில்லை. நெஞ்சுக்காக ஏங்கி வாங்கிய உடம்பில் தோள் போய்விட்டதே என்று உட்கார்ந்து அழுதேன்.

அதிலிருந்து என்னை மீட்டது எந்த நிபுணரும் இல்லை, என் சித்தி.

சித்திக்குச் சில வருடங்களுக்கு முன்னால் மார்பகப் புற்றுநோய். ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். நான் ஆபரேஷன் செய்துகொள்ளப்போகிறேன் என்று தெரிந்தபோது உறவில் ஒருவர் சொன்னார், "அவ இருந்தது போச்சேன்னு அழுகறா, இவன் நல்லா இருக்கறத அறுத்துப் போடறான்" என்று. சித்தி காதுபடவே. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதற்கப்புறம் அவர் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டுதான் இருந்தேன். என் தோள் கதை கேள்விப்பட்டு ஒரு நாள் வந்தார். பீரோவிலிருந்து மடித்து வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்திருந்தார். அவர் டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்தது. தமிழில், படத்தோடு. எந்த நாளில் எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எப்போது நிறுத்தவேண்டும் என்று எல்லாம் இருந்தது. "சுவத்தப் பாத்து நின்னுக்க கண்ணு. வெரலால நண்டு ஊறுற மாதிரி மேல ஏறு. நேத்து தொட்ட எடத்துல பென்சில்ல கோடு போடு. இன்னைக்கு அதுக்கு மேல ஒரு வெரக்கடை போனா போதும்."

அந்தத் தாளில் இருந்த படம் சேலை கட்டிய ஒரு பெண். எனக்கு அது உறுத்தவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் எங்கள் வீட்டுச் சுவரில் பென்சில் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. ஆறு வாரத்தில் கை முழுசாக மேலே போனது. சித்தி அடுத்த முறை வந்தபோது கோடுகளைப் பார்த்துவிட்டு, "என்னோடத விட ஒசரமாப் போயிட்டயே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஏறக்குறைய அதே இடத்தில் கத்தி படுகிற இரண்டு பேர். ஒருவருக்குத் தாள் உண்டு, இன்னொருவருக்கு இல்லை. ஏன்?

நியாயமாகப் பேசவேண்டும் என்றால், இரண்டு ஆபரேஷனும் ஒன்றில்லை. புற்றுநோயில் பெரும்பாலும் அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுக்கிறார்கள், சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு, அதனால் தோள் பிரச்சினை அவர்களுக்கு அதிகம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லோருக்கும் எல்லா ஊரிலும் தாள் கிடைத்துவிடுவதில்லை என்பதும் உண்மை, சித்தி கொடுத்துவைத்தவர். நான் சொல்வது அந்தத் தாள் பயன்படும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்பதைத்தான். இங்கிலாந்தில் ப்ராஸ்பர் என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்து 2021-ல் வெளியானது. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் ஆன, தோள் பிரச்சினை வர வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்கள். ஒரு பாதிக்கு வழக்கமான தாள் மட்டும். மறு பாதிக்கு ஒரு வாரம் பத்து நாளிலிருந்தே பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலோடு படிப்படியான பயிற்சி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டாம் கூட்டத்துக்குக் கை நன்றாக வேலை செய்தது, வலியும் குறைவு. கவனியுங்கள், அங்கே "ஒன்றும் செய்யாத" கூட்டத்துக்குக் கிடைத்ததே அந்தத் தாள். எங்களுக்கு அதுவும் இல்லை!

இன்னொரு ஒப்பீடும் சொல்கிறேன். ஆண்களுக்கு மார்பு பெரிதாகிற கைனகோமாஸ்டியா ஆபரேஷன் நம் ஊர்களில் இப்போது சர்வசாதாரணம். அது செய்துகொண்டவனிடம் "இது தேவையா" என்று யாரும் கேட்பதில்லை. எத்தனையாவது வாரம் ஜிம்முக்குப் போகலாம் என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். கிட்டத்தட்ட அதே நெஞ்சு, அதே மாதிரி வெஸ்ட். ஆனால் அவன் கேட்டால் "கஸ்டமர்", நான் கேட்டால் "இவ்ளோ பண்ணதே பெரிசு". பும்ராவுக்கு 2023 மார்ச்சில் முதுகில் ஆபரேஷன், ஆகஸ்டில் அயர்லாந்தில் மறுபடி பந்து போட்டார். நடுவில் அவர் வலையில் எத்தனை வேகத்தில் போடுகிறார் என்பது டீக்கடை வரைக்கும் பேச்சு. அவருக்கு ஒரு வாரியமே இருக்கிறது. நான் கேட்பது ஒரு ஏ4 தாள்.

இதற்கு வரப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும்.

"உயிர் போகிற விஷயமா? உடற்பயிற்சி எல்லாம் ஆசைக்குத்தானே" என்பது ஒன்று. இல்லீங்க. நாங்களில் பலர் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறோம். அது ரத்தத்தைக் கெட்டியாக்கும், கொழுப்புக் கணக்கை மாற்றும், அதனால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்கச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட உடம்புக்கு நடையும் ஓட்டமும் மருந்துச் சீட்டில் எழுதவேண்டிய சமாச்சாரம். அதோடு, ஹார்மோனால் தசை வேகமாக ஏறும். எலும்போடு தசையைக் கட்டும் நாண் அவ்வளவு வேகத்தில் பழகாது. வழி சொல்ல ஆளில்லாமல் பாரம் ஏற்றினால் அடுத்த அடி அங்கேதான் விழும்.

"டாக்டருக்கு நேரமில்லை" என்பது இன்னொன்று. உண்மைதான். வெளியே நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் தாள் கேட்கிறேன். தாளுக்கு நேரம் வேண்டாம், ஒருமுறை எழுதினால் பத்து வருடம் ஜெராக்ஸ் போடலாம். 2019-ல் வந்த திருநர் உரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, அதற்கான மருத்துவக் கையேடு என்றெல்லாம் எழுதியது. சட்டத்தில் ஏறிய கையேடு என் கைக்கு வந்துசேரவில்லை.

"இணையத்தில் எல்லாம் இருக்கே" என்பது மூன்றாவது. இருக்கிறது, ஆங்கிலத்தில். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, என்னைப் பார்த்துக்கொண்டது அம்மா. அங்கே உள்ள படங்களில் முக்கால்வாசி வெள்ளைத் தோல். நம் மாதிரிக் கறுத்த தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு அதிகம், அதனால் இழுவை விஷயத்தில் நாம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பதை அந்தப் படங்கள் சொல்லாது.

நம் ஆட்களையும் நான் விடப்போவதில்லை. மூன்றாவது வாரத்தில் புல்-அப்ஸ் எடுத்துப் படம் போடுகிற சகோதரர்களே, உங்கள் உடம்பு தாங்கியது உங்கள் அதிர்ஷ்டம். அதைப் பார்த்து இன்னொருவன் செய்வான். நானும் அப்படி ஒரு படம் பார்த்துவிட்டுத்தான் ஐந்தாவது வாரம் ஜிம்முக்குப் போனேன். ஆண் என்று நிரூபிக்கத் தண்டால் எடுக்கிற வரைக்கும் நாம் அந்தப் பழைய பி.டி. பீரியடை விட்டு வெளியே வரவில்லை என்றுதான் அர்த்தம். டெல்லி ஆர்யன் பாஷா 2018-ல் மசில்மேனியா இந்தியா மேடையில் இரண்டாம் இடம் பிடித்த திருநம்பி. அமெரிக்காவின் ஸ்கைலர் பெய்லர் ஆபரேஷன் முடித்து, ஹார்வர்டு ஆண்கள் நீச்சல் அணியில் 2015-லிருந்து நான்கு வருடம் நீந்தியவர். நம் உடம்பால் முடியும் என்பதற்கு இவர்கள் சாட்சி. மூன்றே வாரத்தில் முடியும் என்பதற்குச் சாட்சி இல்லை.

சரி, வெறும் புலம்பலாக முடிக்கக் கூடாது. எனக்குக் கிடைத்திருக்கவேண்டிய அந்தத் தாளில் சுமாராக என்ன இருந்திருக்கும்? பல ஆஸ்பத்திரிகளின் அறிவுரைகளில் பொதுவாக இருப்பதைச் சேர்த்து எழுதுகிறேன். ஆபரேஷன் முறைக்கும் ஆளுக்கும் தகுந்தபடி மாறும். உங்கள் சர்ஜன் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனால் அவரிடம் கேட்கக் கேள்வியாவது கையில் இருக்கட்டும்.

1. முதல் இரண்டு வாரம்: முதல் நாளிலிருந்து நடை, வீட்டுக்குள்ளேயே, ஒரு நாளைக்குப் பல முறை. முழங்கையை உடம்போடு வைத்துக்கொண்டு சின்ன அசைவுகள். மூச்சு வாங்குகிற, நாடித் துடிப்பு எகிறுகிற எதுவும் வேண்டாம். உள்ளே ரத்தம் கட்டும் ஆபத்து இந்த நாட்களில்தான் அதிகம், அதிலும் முதல் இரண்டு நாள்.

2. மூன்று, நான்காவது வாரம்: டிரெயின் டியூப் எடுத்து, காயம் மூடியிருந்தால் வேக நடை, நிற்கிற சைக்கிள். சர்ஜன் சரி என்றால் தோளை மெதுவாக மேலே கொண்டுபோகும் சுவர்ப் பயிற்சி. பஸ் கம்பி இப்போதும் கூடாது. தண்ணீர் கேன் கூடவே கூடாது.

3. ஆறாவது வாரம் வாக்கில்: மெது ஓட்டம், பஸ்கி, லேசான டம்பெல். நெஞ்சை இழுக்கிற எதுவும் இன்னும் வேண்டாம்.

4. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம்: தண்டால், ஆனால் சுவரில் கை வைத்து நின்றபடி. அப்புறம் மேஜையில். அப்புறம் தரையில் முழங்கால் ஊன்றி, அதில் எடையில் சுமார் பாதிதான் கையில் இறங்கும். முழுத் தண்டால், பெஞ்ச் பிரஸ், புல்-அப்ஸ் எல்லாம் மூன்று மாதத்துக்கு மேல். நீச்சல், காயம் துளி விடாமல் மூடிய பிறகே.

5. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியவை: ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகுவது, காய்ச்சல், சீழ், கெண்டைக்காலில் வீக்கத்தோடு வலி, திடீர் மூச்சுத் திணறல். நெஞ்சுக்குள் நீர் தளும்புவது மாதிரி இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காட்டவேண்டும்.

பாருங்கள், ஐந்தே புள்ளி. ஒரு பக்கம்கூட நிறையவில்லை. இதற்காக ஒருவன் தையல் பிரிந்து, தோள் இறுகி, அரை வருடம் அல்லாடியிருக்கிறான்.

கேட்பது இவ்வளவுதான். இந்த ஆபரேஷன் செய்கிற ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தமிழில் ஒரு தாள் கொடுக்கட்டும், ஒரே ஒரு முறையாவது பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க வைக்கட்டும். அந்தத் தாளைப் பார்த்துக்கொள்கிறவர் கையிலும் ஒன்று கொடுக்கட்டும். ஜிம் மாஸ்டர்களே, "ஆபரேஷன் ஆகி எத்தன வாரம் ஆச்சு?" என்று கேளுங்கள். என்ன ஆபரேஷன் என்று கேட்கவேண்டாம், எத்தனை வாரம் என்று மட்டும். வகுப்புத் தோழர்களே, அடுத்த முறை எவனாவது பையை வயிற்றில் அணைத்துக்கொண்டு வந்தால் கதை கட்டாதீர்கள். பையை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்குப் பதினோரு மாதம். போன ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் முதல்முறையாக நான்கு ரவுண்டு நிற்காமல் ஓடினேன். ஸ்கோர் யாரும் எழுதவில்லை. தண்டால் இருபத்திரண்டு. அந்த ஜிம் மாஸ்டரிடமே போய் எடுத்துக் காட்டினேன், எத்தனை வாரம் என்ற கேள்வியையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

டிஸ்கி: சித்தியின் தாள் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்டார். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரிஜினலை அடுத்த வாரம் கொடுக்கிறேன் சித்தி :-)